ஒன்பதாம் தட்டில் வந்த பாட்டில்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அய்யம்பெருமாளின் பன்னீர் சோடாவைக் குடித்து ஏப்பம் விடாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். பெரிய பெரிய கம்பெனிக் குளிர்பானங்கள் ஊருக்குள் வந்து இறங்கியபோது, "இனிமே ஒன் கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்" என்று சொன்னவர்களே, இன்றைக்கு வீட்டில் விசேஷம் என்றால் முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறார்கள். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. உலகத்தில் எந்த ஊர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கேஸ் பத்தாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உடையார்பாளையத்தில் தன் தங்கை மேகலாவின் வீட்டுக் கூடத்தில், நிச்சயதார்த்தத்துக்கு வந்த அத்தனை ஜனத்தின் நடுவே, ஒரு பாட்டிலைப் பார்த்து வாயடைத்து உட்கார்ந்திருந்தார்.

நிச்சயதார்த்தம் மேகலாவின் ஒரே மகள் பூங்குழலிக்கு. பெண்ணுக்கு அப்பா இல்லை. அவள் ஐந்தாவது படிக்கும்போதே போய்விட்டார். நோய் என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், குடித்துக் குடித்துத்தான் போனார் என்பது தெருவுக்கே தெரியும். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அப்பா ஸ்தானமும் தாய்மாமன் ஸ்தானமும் சேர்த்து அய்யம்பெருமாள்தான். படிக்க வைத்தார், பிரான்சுக்கு மேல்படிப்புக்கு அனுப்பினார். அங்கே படிக்கப் போன இடத்தில்தான் மணிமாறனைப் பார்த்தாள். நம்ம பெரம்பலூர் மாவட்டத்துப் பையன்தான், பிறந்து வளர்ந்தது மட்டும் அந்த ஊரில்.

பெண் வந்து விஷயத்தைச் சொன்னபோது மேகலா சாதி கேட்கவில்லை, சொத்து கேட்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"குடிக்கற வூட்டுக்கு எம்பொண்ணு போக மாட்டா. அத மட்டும் தெளிவா கேட்டுட்டு வந்து சொல்லுண்ணே. மத்ததெல்லாம் நீ பாத்துக்க."

அய்யம்பெருமாளும் போன் போட்டுத் தெளிவாகத்தான் கேட்டார். மணிமாறனும் தெளிவாகத்தான் பதில் சொன்னான். "விசேஷம்னா ஒரு கிளாஸ், மாமா. அதுக்கு மேல இல்ல." அவனுடைய அப்பா வெள்ளைச்சாமிக்கு என்ன வேலை என்பதையும் மறைக்காமல் சொன்னான். ஷாம்பெயின் செய்கிற இடத்தில், பாதாள அறையில், முப்பது வருஷ வேலை. அய்யம்பெருமாள் அந்த ஒரு கிளாஸைத் தானே விழுங்கிவிட்டு, தங்கையிடம், "பையன் சொக்கத்தங்கம். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்துல வேலை" என்று முடித்துவிட்டார். பூங்குழலி அவனைப் பற்றிப் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தவர் அவர். அந்த முகம் வாடினால் அவரால் தாங்க முடியாது. தங்கை முகம் வாடினாலும் தாங்க முடியாது. இரண்டையும் காப்பாற்ற நினைத்த மனிதர், நடுவில் கொஞ்சம் உண்மையைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டார்.

இப்போது அந்த ஷாம்பெயின் தட்டிலேயே வந்துவிட்டது.

வந்த கதை இப்படி. மாப்பிள்ளை வீட்டு வரிசைத் தட்டு ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். வெள்ளைச்சாமியின் அக்கா சின்னம்மாள் வேப்பந்தட்டையிலிருந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வேனில் வந்தார். தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் இறங்கி, பெண்களை வரிசையாக நிறுத்தி எண்ணிப் பார்த்தால் எட்டுதான் இருந்தது. ஆப்பிள் தட்டை வேப்பந்தட்டை வீட்டுக் கட்டில் மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எட்டுத் தட்டோடு சம்பந்தி வீட்டுப் படியேறுவதா? சின்னம்மாள் வேனுக்குள் துழாவினார். பின் சீட்டுக்கு அடியில், துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் ஒரு பாட்டில் இருந்தது. கரும்பச்சைக் கண்ணாடி, கழுத்தில் தங்க ஜரிகை போலத் தாள். தம்பி பிரான்சிலிருந்து கொண்டுவந்தது, நிச்சயம் விலை உயர்ந்த சர்பத்தாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்தார். தட்டில் வெற்றிலை பரப்பி, பாட்டிலைப் படுக்க வைத்து, கழுத்தில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி, வயிற்றில் சந்தனம் குங்குமம் வைத்து, ஒன்பதாவது தட்டாகத் தானே கையில் ஏந்திக்கொண்டார். தேங்காய்த் தட்டோடு முன்னால் நடந்த வெள்ளைச்சாமிக்கு இது எதுவும் தெரியாது.

கூடத்தில் ஜமுக்காளத்தின் மேல் தட்டுகள் வரிசையாக இறங்கின. ஒன்பதாவது இறங்கியதும் பேச்சு அப்படியே நின்றது. கார்ப் பந்தயத்தில் ஜெயித்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் பீய்ச்சி அடிக்கும் பாட்டிலை டிவியில் பார்த்திருந்த அய்யம்பெருமாளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. வெள்ளைச்சாமியின் முகத்தில் ரத்தமே இல்லை. மாப்பிள்ளை பூங்குழலியைப் பார்த்தான், பூங்குழலி மாமாவைப் பார்த்தாள்.

கூடத்தில் மேகலாவின் மூத்தாரும் இருந்தார், அதாவது அவள் புருஷனுக்கு அண்ணன். அரியமுத்து என்று பெயர். செத்துப்போன தம்பிக்குப் பதிலாகப் பெண் வீட்டுப் பெரியவராகச் சபையில் உட்கார்ந்திருந்தார். சபையில் எதையும் கேட்காமல் விட்ட பழக்கம் அவருக்கு இல்லை. அய்யம்பெருமாள் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ள அது, ஒம்பதாவது தட்டுல?"

அய்யம்பெருமாள் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது.

"சோடா, மாமா."

"சோடாவா?"

"பிரான்சு சோடா. திராட்சை சோடா. அங்க இதான் ரொம்ப விசேஷம்."

சோடாவைப் பற்றி அய்யம்பெருமாள் சொன்னால் அரியலூர் ஜில்லாவில் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? கூடம் நிம்மதியாக மூச்சு விட்டது. அரியமுத்துவின் முகம் மலர்ந்தது.

"அடடே! அப்ப ஒடைங்க. இந்த வெயிலுக்குத் தொண்டைக்கு எதமா இருக்கும். புள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய் ஊத்துங்க."

அடுத்த நொடி, தூணுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த வாண்டுகள் ஆளுக்கொரு டம்ளரோடு வந்து நின்றுவிட்டன. அய்யம்பெருமாள் டம்ளர்களைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மேகலா எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

"இத அப்படியே குடிக்கக் கூடாது மாமா. நல்லா சில்லுனு ஆவணும்" என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைத் தூக்கினார். "சம்பந்தி, நீங்க கொஞ்சம் வாங்க. இத எப்பிடி வெக்கணும்னு காட்டுங்க. டேய் பசங்களா, ஒங்களுக்கு நம்ம பன்னீர் சோடா இருக்கு, ஓடி வாங்க!"

விசேஷத்துக்கென்று அவர் கொண்டுவந்திருந்த சோடாக்கள் கொல்லைப் பக்கம், ஐஸ் கட்டி போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு வரிசையாகக் கோலியைத் தட்டிக் கொடுத்து விரட்டிவிட்டு, அந்தப் பாட்டிலை ஐஸுக்குள் கழுத்துவரை அழுத்தினார். பிறகு வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினார். கோபம் அப்போதுதான் வந்தது.

"என்ன சம்பந்தி, இப்பிடிக் கவுத்துட்டீங்க! எந்தங்கச்சி கதை தெரியுமில்ல?"

வெள்ளைச்சாமி ஒடிசலான மனிதர். பிரான்சுக்குப் போய் முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அவருடைய வேப்பந்தட்டைப் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. அங்கே அதைப் பேசித் தேய்க்க ஆள் இல்லை, அதனால் புதுசாகவே இருந்தது.

"தெரியும் சம்பந்தி. தெரிஞ்சுதான் இத வேனுக்குள்ளயே உட்டுட்டு வந்தன். சாயங்காலம் வேப்பந்தட்டைக்குப் போயி நாங்க மட்டும் தொறக்கலாம்னு இருந்தம். எங்கக்கா இப்படித் தூக்கியாந்து வெக்கும்னு கண்டனா? மன்னிச்சுக்கங்க. நான் இத இப்பவே எடுத்துக்கிட்டுப் போயி வேன்ல வெச்சர்றன்."

"எப்பிடி எடுத்துட்டுப் போவீங்க? சபையில எறங்கின தட்டு. திருப்பி அனுப்பினா சம்பந்தம் வேணாம்னு அர்த்தம்."

இரண்டு பேரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அரியமுத்து, பிரான்சில் சோடாவே இப்படி இருந்தால் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

கவலை ஒரு பக்கம் இருந்தாலும் தொழில்காரன் புத்தி எங்கே போகும்? அய்யம்பெருமாள் குனிந்து, ஐஸ் தண்ணீருக்குள் பாட்டிலின் அடியைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி நல்ல கனம். அடிப்பாகம் உள்பக்கமாகக் குழிந்திருந்தது.

"எத்தன பவுண்டு கேஸ் அடிக்கறீங்க?" என்றார், வேண்டாவெறுப்பாகக் கேட்பது போல.

"நாங்க அடிக்கறதில்ல சம்பந்தி."

"அடிக்காம?"

"அதுவா வருது. பழச்சாறு ஒரு தடவ தொட்டியில நொதிச்சு அடங்கும். அப்பறம் பாட்டில்ல ஊத்தி, துளி சக்கரயும் ஈஸ்ட்டும் போட்டு மூடிருவம். உள்ளாறயே இன்னொரு தடவ நொதிக்கும். வர்ற கேஸு வெளிய போறதுக்கு வழி இல்ல, அதுக்குள்ளயே கரைஞ்சு கெடக்கும். அப்படியே இருட்டுல, குளுந்த எடத்துல, வருசக்கணக்காப் படுக்கப் போட்டுருவம்."

அய்யம்பெருமாள் நிமிர்ந்தார். நாற்பது வருஷமாக சிலிண்டரிலிருந்து கேஸ் அடித்துக்கொண்டிருக்கிறவர் அவர். பாட்டிலுக்குள்ளேயே கேஸ் பிறக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

"வெடிக்காதா?"

"வெடிக்கும். ஒண்ணு வெடிச்சா பக்கத்துல இருக்கறதும் வெடிக்கும்." வெள்ளைச்சாமி சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டுக்கு மேல் நீளமாக ஓடிய தழும்பைக் காட்டினார்.

அய்யம்பெருமாள் தன் இடது கட்டைவிரலைக் காட்டினார். அவர் அப்பா காலத்துப் பாட்டில் ஒன்று வெடித்து, நகமே பாதிதான் முளைத்திருந்தது. இரண்டு பேரும் ஒருவர் தழும்பை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கோபத்தைப் பிடித்து வைத்திருக்க அய்யம்பெருமாளால் முடியவில்லை.

"மேல என்னமோ நம்பர் போட்டிருக்கே?"

"வருசம். தொண்ணூத்தாறு. எல்லா வருசத்துக்கும் நம்பர் போட மாட்டாங்க சம்பந்தி. நாலஞ்சு வருசத்து ஒயின ஒண்ணாக் கலந்துதான் போடறது. வெயிலு, மழ, காத்து எல்லாம் கூடி வந்து, இந்த வருசத்துப் பழம் தனியாவே நிக்கும்னு தோணுனாத்தான் வருசத்தப் போடுவாங்க. தொண்ணூத்தாறுல பழத்துல புளிப்பும் தூக்கல், இனிப்பும் தூக்கல். பெரிய மொதலாளி ஒரு பழத்தக் கடிச்சுட்டு, 'இத அவசரப்பட்டுத் தொறக்கறவன் முட்டாள்'னாரு. அந்தப் பறிப்புல நானும் கூடை தூக்குனன். அதே மாசந்தான் மணி பொறந்தான்."

"மண்ணு எப்பிடி?"

"அதக் கேக்கறீங்களா! நம்ம அரியலூரு மாரியே சுண்ணாம்பு மண்ணு. தோண்டுனா சங்கும் சிப்பியும் வரும். அங்கயும் ஒரு காலத்துல கடலு இருந்துச்சாம். மொத மொதல்ல பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு."

உள்ளேயிருந்து அரியமுத்துவின் குரல் வந்தது. "மாப்ள! சோடா ஆறிச்சா இல்லியா?"

இனி ஒத்திப்போட முடியாது. அய்யம்பெருமாள் பாட்டிலை வெளியே எடுத்து, துண்டால் துடைத்து, பழக்க தோஷத்தில் கட்டைவிரலை மூடி மேல் வைத்து ஓங்கி அழுத்தப் போனார்.

"அய்யய்யோ, வேணாம் சம்பந்தி! குடுங்க."

வெள்ளைச்சாமி தாளை உரித்தார். கம்பிக் கூட்டைத் தளர்த்தினார். தக்கையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தக்கையைத் திருகாமல் பாட்டிலை மெதுவாகத் திருப்பினார். அய்யம்பெருமாள் காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றார். வெடிக்கவில்லை. தூங்குகிற குழந்தை புரண்டு படுக்கும்போது விடுகிற மூச்சு போல 'ஸ்ஸ்' என்றது, அவ்வளவுதான்.

"இம்புட்டுத்தான் சத்தமா?"

"சத்தம் போட்டா உள்ளாற இருக்கறது வீணாப் போச்சுன்னு அர்த்தம்."

டீ கிளாஸ் இரண்டு அகப்பட்டது. வெள்ளைச்சாமி சாய்த்துப் பிடித்துக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினார். நல்ல பழுத்த பொன் நிறம். நுரை பொங்கி எழுந்து, அவசரமில்லாமல் அடங்கியது. அய்யம்பெருமாள் கிளாஸை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அவருடைய சோடாவில் குமிழிகள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளாக முட்டி மோதிக்கொண்டு வரும். இதில் அடியிலிருந்து ஒரே இழையாக, கடுகிலும் சிறுசாக, ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நிற்கவே இல்லை. "கேஸ் பத்தாது" என்று சொல்ல வாயைத் திறந்தவர், சொல்லாமல் மூடிக்கொண்டார்.

முகர்ந்து பார்த்தார். முதலில் எலுமிச்சைத் தோலைக் கீறின வாசனை. பிறகு பேக்கரியில் ரஸ்க் வேகும் வாசனை. மறுபடி மூக்கை உள்ளே விட்டார்.

"சம்பந்தி! முந்திரி! முந்திரி வறுக்கற வாசம் வருதே!"

"வருதா? உங்களுக்கும் வருதா?" வெள்ளைச்சாமிக்குக் கண் பளபளத்தது. "அங்க இதுக்கு வேற என்னென்னமோ கொட்டையோட பேர்லாம் சொல்லுவாங்க. நான் மட்டும் மனசுக்குள்ள முந்திரி, முந்திரின்னு சொல்லிக்குவன். சொன்னா யாருக்குத் தெரியும்?"

அய்யம்பெருமாள் ஐம்பத்தாறு வயது வரைக்கும் மதுவைத் தொட்டதில்லை. புருஷன் செத்த வீட்டில் தங்கை கிடந்த கிடையைப் பார்த்த பிறகு, தொட நினைத்ததும் இல்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். குடிக்கவில்லை, தொழில்முறையில் ருசி பார்க்கிறோம் என்று தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, நாக்கு நனையும் அளவுக்கு வாயில் விட்டார்.

புளித்தது. தாடை இரண்டும் கூசியது. இனிப்பைத் தேடினார், இல்லை. ஐயோ ஏமாந்துவிட்டோமே என்று நினைப்பதற்குள் குமிழிகள் நாக்கின் மேல் சின்னச் சின்னதாக உடைந்து, அந்தப் புளிப்பைக் கொண்டுபோய் எங்கோ கரைத்துவிட்டன. அடியிலிருந்து ஆப்பிள் வந்தது, தித்திப்பைக் கழற்றி வைத்துவிட்டு மணம் மட்டும் வந்த தேன் வந்தது, கடைசியில் வெற்றிலைக்குத் தடவின சுண்ணாம்பு போல ஒரு மெல்லிய காரம். விழுங்கின பிறகும் போகவில்லை. வாய்க்குள் அந்த முந்திரி வாசம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அய்யம்பெருமாள் சிரித்தார். என்ன காரணம் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எட்டு வயதில் அப்பா முதன்முதலாகக் கோலியைத் தட்டிவிட்ட சோடாவைக் குடித்துவிட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு. வெள்ளைச்சாமியும் சேர்ந்து சிரித்தார்.

"எப்பிடி சம்பந்தி, இத்தன வருசம் கழிச்சும் கேஸ் இருக்கு?"

"இருக்கு. வயசான பொறவு அடக்கமா இருக்கு."

அந்த நேரம் பார்த்து அரியமுத்து கொல்லைப் பக்கமே வந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் மட்டும் சிரிச்சா எப்படி?" என்றவர், யாரும் வாயைத் திறப்பதற்குள் அய்யம்பெருமாள் கையிலிருந்த கிளாஸை வாங்கிவிட்டார். அரியமுத்து எதையும் எச்சில் பண்ணிக் குடிக்காத மனிதர். காப்பியானாலும் கஷாயமானாலும் தலையை அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். அப்படியே ஊற்றினார். வாய்க்குள் போனது பாதி, நுரையாகி மூக்குக்குள் ஏறியது மீதி. தும்மினார், இருமினார், வேட்டியெல்லாம் தெறித்தது.

"என்னய்யா சோடா இது! சக்கரயே போடல! ஒரே புளிப்பு!" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பிரான்சு பிரான்சுன்னு பேருதான் பெத்த பேரு. இதுக்கு நம்ம பன்னீர் சோடா ஆயிரம் பங்கு தேவல மாப்ள. அதுல ஒண்ணு எடு."

ஒரு சோடாவைத் தட்டிக் கொடுத்ததும் அதே அண்ணாந்த வாக்கில் முழுசையும் முடித்து, திருப்தியாக ஏப்பம் விட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார். "அந்தப் பாட்டில யாரும் கேக்காதீங்க, வாய்க்கு வெளங்கல" என்று அவர் அறிவிப்பது கொல்லை வரை கேட்டது. சபைக்குத் தெரியாமல் தப்பித்தாயிற்று. தன் சோடாவைப் புகழ்ந்துவிட்டுப் போன மனிதர் மேல் அய்யம்பெருமாளுக்கு முதன்முதலாக எரிச்சல் வந்தது. எப்பேர்ப்பட்ட பண்டத்தை இப்படிச் சொல்லிவிட்டாரே என்று மனசு ஆறவில்லை.

அப்புறம் திரும்பினார். அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு மேகலா நின்றிருந்தாள். கையில் பாயசக் கரண்டி இருந்தது. அடுப்படி ஜன்னல் அந்தத் தொட்டிக்கு நேர் மேலே இருப்பது அப்போதுதான் அய்யம்பெருமாளுக்கு உறைத்தது.

"மேகலா..." என்றார். "அது சோடா இல்ல."

"தெரியும்ண்ணே."

"போன்ல பையன் உண்மையச் சொன்னான். விசேஷத்துக்கு ஒரு கிளாஸ்னு. நாந்தான் ஒங்கிட்ட முழுங்கிட்டேன். அவங்க மேல தப்பு இல்ல. புள்ள ஆசப்பட்டுச்சேன்னு..."

"அதையும் இப்பக் கேட்டுட்டுத்தான் நிக்கறேன்." மேகலாவின் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. "ஒங்க ரெண்டு பேரையும் வெரட்டி வுடத்தான் வந்தேன். தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்கன்னு சொல்லத்தான் கதவத் தொறந்தேன்."

கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே நடையில் பூங்குழலி வந்து நின்றிருந்தாள். பட்டுப்புடவையின் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யம்பெருமாளுக்கு அவளைப் பார்க்கத் தைரியம் இல்லை. வெள்ளைச்சாமி கிளாஸைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுக் கைகூப்பினார். அவருக்கு ஊற்றினது ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

மேகலா அந்தக் கிளாஸைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதற்குள் குமிழி இன்னும் ஒரே இழையாக ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"இது தம்பி பொறந்த வருசத்துதா, அண்ணே?" என்றாள் வெள்ளைச்சாமியிடம்.

"ஆமாம்மா."

"எங்க வெச்சிருந்தீங்க இத்தன நாளு?"

"ஏழெட்டு வருசம் மொதலாளியோட பாதாள அறையில கெடந்துச்சு. அப்பறம் எனக்குன்னு ஒரு பாட்டிலு குடுத்தாங்க. வூட்டுக்குக் கொண்டாந்து மாடிப்படிக்குக் கீழ வெச்சன். அது ஆச்சு, இருவது வருசத்துக்கு மேல."

"வூட்லயே?"

"வூட்லதான்."

"நடுவுல ஒரு நா கூடத் தொறக்கணும்னு தோணலியா?"

வெள்ளைச்சாமிக்குக் கேள்வியே புரியவில்லை. "எப்படிம்மா தொறக்கறது? அவன் கல்யாணம் நிச்சயமாற அன்னிக்குன்னு வெச்சதுல்ல?"

மேகலா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். கரண்டியிலிருந்து பாயசம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை. தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அய்யம்பெருமாள் ஓரடி முன்னால் வைத்தார். கிட்டே போனால், கண்ணில் தண்ணீர் இருந்தது வாஸ்தவம்தான், ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"இருவது வருசம் வூட்டுக்குள்ள பாட்டில வெச்சுக்கிட்டுத் தொறக்காம இருந்திருக்காங்கண்ணே" என்றாள். "பூங்குழலி அப்பா வாங்கின பாட்டிலு ஒண்ணு கூட கடையிலேர்ந்து வூடு வந்து சேந்ததில்ல."

நடையில் நின்ற பூங்குழலி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மேகலா குனிந்து, தொட்டி விளிம்பிலிருந்த கிளாஸை எடுத்து, வெள்ளைச்சாமியின் கையில் கொடுத்தாள்.

"குடிங்கண்ணே. பொறுமையாவே குடிங்க. நான் போயி தட்ட மாத்தச் சொல்றேன்."